அலமாரி நின்ற இடம்

என் முதல் கேள்விக்கு அந்தக் கலைஞர் பதில் சொல்லவில்லை. "இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க" என்று மைக்கில் மெதுவாகச் சொல்லிவிட்டு, மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எதிரே எண்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு நாற்காலி இல்லை, நின்றுகொண்டிருந்தார்கள். அவருடைய கண்காட்சி திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கூட்டத்தின் முன்னால் அவரோடு உரையாடத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் கேட்டது இதுதான்: "உங்கள் படைப்புகளில் நினைவும் வெளியும் ஒன்றையொன்று எப்படி ஊடுருவுகின்றன?" இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, அடித்து, திரும்ப எழுதிய கேள்வி. தாளில் அழகாக இருந்தது. வாய்விட்டுக் கேட்டபோதுதான், நான் எழுத நினைத்த ஒரு கட்டுரையின் தலைப்பை அவர் முன்னால் வைத்துவிட்டேன் என்று புரிந்தது.

குறிப்புத் தாளை மடித்து வைத்தேன். முந்தின நாள் அந்தக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோது மனதில் நெருடிய ஒன்றைக் கேட்டேன். "உங்களுக்குப் பின்னால் இருக்கிற பெரிய தாளில் எங்கே பார்த்தாலும் விரிசலும் கீறலுமாக இருக்கிறது. இடது ஓரத்தில் ஒரு செவ்வகத்தில் மட்டும் ஒன்றுமே இல்லையே, ஏன்?"

அவர் திரும்பிப் பார்த்தார். "அங்க அலமாரி நின்னுச்சு" என்றார்.

அதற்கு மேல் நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அலமாரி நாற்பது வருஷம் நகரவே இல்லையாம். சுற்றியிருந்த சிமெண்டுத் தரை கால் பட்டு, கட்டில் இழுபட்டு, கனமான பெட்டிகள் விழுந்து தேய்ந்தும் வெடித்தும் போயிருக்க, அலமாரிக்கு அடியில் மட்டும் கொத்தனார் பூசிய அன்றைக்கு இருந்த மழமழப்பு அப்படியே இருந்திருக்கிறது. "அந்த வீட்டுல நாங்க யாரும் வாழாத இடம் அது ஒண்ணுதான்" என்றார். அவர் அதைச் சொன்ன நொடியில் எண்பது தலைகளும் ஒன்றாகச் சுவர்ப் பக்கம் திரும்பின.

அதற்குப் பிறகு பல கண்காட்சித் திறப்புகளில் கலைஞர்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஒரு கேள்வி தேறுமா தேறாதா என்று பார்க்க என்னிடம் இருப்பது அந்த ஒரு சோதனைதான்: இதைக் கேட்டால் கூட்டம் எங்கே பார்க்கும்? என் முகத்தையா, கலைஞரின் முகத்தையா, சுவரையா? சுவரைப் பார்க்க வைக்கிற கேள்விகளை முன்னால் வைத்துக்கொள்வேன். மற்றவை பையிலேயே இருக்கும்.

அவருடைய வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, தலையும் எழுத்தும் மேலே எழும்பி வருவதைச் சின்ன வயதில் எல்லோரும் பார்த்திருப்போம். அதையே அவர் ஒரு வீட்டுக்குச் செய்தார். இடிக்கப்படவிருந்த வீட்டின் தரை, சுவர், வாசற்படி, கதவு எல்லாவற்றின் மேலும் மெல்லிய நீளத் தாள்களை விரித்து, கிராஃபைட் கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்து எடுத்தார். 1925இல் ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் ஒரு கடலோர விடுதியில் தங்கியிருந்தபோது மரத் தரையின் ரேகைகளை இப்படித் தேய்த்து எடுத்துத் தன் ஓவியத்துக்குக் கொண்டுவந்தார் என்று கலை வரலாறு சொல்லும். நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது: மைப்படி. கல்வெட்டு ஆய்வாளர்கள் கல்லைத் துலக்கி, ஈரத் தாளை அதன் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். கல்லின் முகம் கறுக்கும், வெட்டிய எழுத்து வெள்ளையாக நிற்கும். எழுத்தே இல்லாத ஒரு வீட்டுக்கு மைப்படி எடுத்திருக்கிறார் என்றுதான் அந்தக் கண்காட்சியை என் நண்பர்களுக்கு நான் அறிமுகப்படுத்தினேன். அதைக் கேட்டு வந்தவர்கள் பலர்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். உங்களை யாராவது இப்படி ஒரு உரையாடலை நடத்தக் கூப்பிட்டால், முதல் வேலை பார்ப்பது. அருங்காட்சியகங்களில் மக்கள் ஒரு ஓவியத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அளந்து பார்த்த ஆய்வு 2001இல் வெளிவந்தது. சராசரி 27 நொடி. அதிலும் சிலர் நெடுநேரம் நின்றதால் சராசரி ஏறியிருக்கிறது, நடுவில் விழும் எண் 17 நொடிதான். திறப்பு நாளில் தெரிந்தவர்களோடு பேசிக்கொண்டே நகர்கிற கூட்டத்தில் அதுவும் கிடைக்காது என்பது என் அனுபவம். ஆக, அந்த அறையில் படைப்புகளை நிதானமாகப் பார்த்த ஒரே ஆள் உரையாடலை நடத்துபவராகத்தான் இருப்பார். அவரும் பார்க்கவில்லை என்றால் பேச்சு முழுக்க அந்தரத்தில்தான் ஓடும்.

முந்தின நாள் நான் இரண்டு மணி நேரம் கூடத்தில் இருந்தேன். கைபேசியை வரவேற்பு மேஜையில் கொடுத்துவிட்டேன். சுவரில் ஒட்டியிருந்த அறிமுகக் குறிப்பைக் கடைசியில்தான் படித்தேன். பார்த்ததை மட்டும் எழுதிக்கொள்வது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: "மூன்றாம் தாளின் கீழ் மூலையில் கட்டைவிரல் ரேகை." "ஏழாம் தாள் கிழிந்து, பின்பக்கம் வேறு தாள் ஒட்டப்பட்டிருக்கிறது." "யாராவது பக்கத்தில் நடந்தால் தாள்கள் அசைகின்றன." "இடது ஓரச் செவ்வகம்." இப்படிப் பதினைந்து இருபது வரிகள் சேர்ந்தன. இரண்டு நாள் யோசித்து எழுதிய கேள்விகளில் ஒன்றும் மேடையில் எடுபடவில்லை. அந்தப் பதினைந்து வரிகள்தான் நாற்பது நிமிடத்தையும் தாங்கின.

அடுத்து, கலைஞரோடு முன்கூட்டிப் பேசுவது. இதில் நான் முன்பு ஒரு தவறு செய்திருந்தேன். வேறொரு கண்காட்சிக்கு முந்தின மாலை, கலைஞரோடு மூன்று மணி நேரம் பேசினேன். அருமையான கதைகளெல்லாம் சொன்னார். மறுநாள் மேடையில் அதே கதைகளைக் கேட்டபோது, "நேத்து சொன்னேனே, அது மாதிரிதான்" என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். சொல்லித் தீர்த்த கதைக்கு மறுநாள் சூடு இருக்காது. அவர் மேல் பிழை இல்லை, முந்தின மாலையே எல்லாவற்றையும் நான் கேட்டு வாங்கியிருந்தேன். அதனால் இந்த முறை அவர் வீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும், "அக்கா, இதை நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க, நானும் அப்பவே கேட்டுக்கிறேன்" என்று நிறுத்திவிட்டேன்.

முன்சந்திப்பில் கேட்க வேண்டியவை வேறு. எதைப் பற்றிக் கேட்கக் கூடாது? எந்தப் படைப்பிலிருந்து தொடங்கினால் அவருக்குச் சௌகரியம்? பேச்சைப் பதிவு செய்வதில் அவருக்குச் சம்மதமா, அதை எங்கே வெளியிடலாம்? இவ்வளவுதான். எதைக் கேட்கக் கூடாது என்று கேட்டபோது, அந்த வீட்டை விற்றது யார், ஏன் என்பதைப் பேச வேண்டாம் என்றார். குடும்பத்தில் இன்னும் ஆறாத விஷயம் அது. அவரே இன்னொன்றும் சொன்னார்: "மேடையில அக்கான்னு கூப்பிடாதீங்க தம்பி, பேரைச் சொல்லுங்க. நாம ரெண்டு பேரும் வீட்டுத் திண்ணையில பேசற மாதிரி ஆயிடும், வந்தவங்க வெளியில நிக்கற மாதிரி இருக்கும்." நான் யோசித்தே பார்க்காத விஷயம். நமக்குள் இருக்கும் பழக்கம் நமக்கு இதமாக இருக்கும், முதல்முறை வந்திருக்கும் ஒருவருக்கு அது ஒரு மூடிய கதவு. அன்றிலிருந்து எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் மேடையில் பெயரும் 'நீங்கள்' என்ற சொல்லும்தான்.

அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேலரி என்பது பார்ப்பதற்காகக் கட்டப்பட்ட இடம், கேட்பதற்கு அது மிக மோசமான இடம். வழவழப்பான தரை, வெறும் சுவர், உயர்ந்த கூரை. திரையோ விரிப்போ கிடையாது. ஒரு சொல் முடிவதற்குள் அதன் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் விழும். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். ஒரு பெரிய ஒலிபெருக்கியை முன்னால் வைப்பதைவிடச் சின்னதாக இரண்டை, குறைந்த சத்தத்தில், கூட்டத்துக்குப் பக்கத்தில் வைப்பது மேல். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் பிடித்து மெதுவாகப் பேச வேண்டும். கையில் பிடிக்கிற மைக் கலைஞரின் ஒரு கையை எடுத்துக்கொள்ளும். கையால் பேசுகிறவராக இருந்தால் சட்டையில் குத்துகிற மைக் கேளுங்கள். இவர் கையால் பேசுகிறவர். நல்லவேளை, அதை முன்பே கவனித்திருந்தேன்.

வெளிச்சமும் அப்படித்தான். தாளில் செய்த படைப்புகள் அதிக வெளிச்சத்தில் நாளடைவில் பழுத்து நொறுங்கும் என்பதால், அவற்றுக்கு வெளிச்சத்தை 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் வைப்பது அருங்காட்சியகங்களில் பரவலான வழக்கம். எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு 200 வரை போகலாம். ஒரு அலுவலக மேஜையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும் என்று பார்த்தால் 50 எவ்வளவு மங்கல் என்று தெரியும். வெளியிலிருந்து நுழைகிற கண்ணுக்கு அது பழகச் சில நிமிடங்கள் வேண்டும். வீடியோ எடுக்க வந்தவர்கள் இரண்டு பெரிய விளக்குகளைக் கொண்டுவந்து தாள்களை நோக்கித் திருப்பப் பார்த்தார்கள். கண்காட்சியை அமைத்த கியூரேட்டர் ஒத்துக்கொள்ளவில்லை, சரியாகச் செய்தார். எங்கள் நாற்காலிகள் மேல் மட்டும் ஒரு சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டோம். படம் கொஞ்சம் இருட்டாகத்தான் வந்தது. அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

நாற்காலிகளை எங்கே போடுவது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். வழக்கமாகப் பெரிய படைப்புக்கு நேர் முன்னால் போட்டுவிடுவார்கள், புகைப்படத்தில் நன்றாக இருக்கும் என்று. பேசுகிறவர்களின் தலை படைப்பை மறைக்கும். நாங்கள் இரண்டு பேரும் ஓரமாக உட்கார்ந்தோம், பெரிய தாள் கூட்டத்துக்கு நேராக இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு. அவர் தாள்களுக்குக் கண்ணாடிச் சட்டம் இல்லை, மேல் ஓரத்தில் காந்தங்களால் மட்டும் தொங்கவிட்டிருந்தார். ஒரு சட்டைக் கை உரசினால் போதும், கிராஃபைட் இழுபட்டுவிடும். திருப்பி எடுக்க வழியில்லை, அந்த வீடே இப்போது இல்லை. தரையில் வெள்ளை நாடா ஒட்டி, அதற்கு ஒன்றரை மீட்டர் இந்தப்பக்கம்தான் ஆட்கள் நிற்கலாம் என்று வைத்தார்கள். தண்ணீர்க் குவளைகள் எங்கள் காலடியில் இருந்தன, தாள் பக்கம் ஒன்றுகூட இல்லை.

எண்பது பேரின் மூச்சுக்காற்றே அந்தத் தாள்களை மாற்றிக்கொண்டிருந்தது. தாள் ஈரத்தைக் குடிக்கும். மாலை தொடங்கியபோது நேராகத் தொங்கிய தாள்களின் கீழ் ஓரங்கள் கூட்டம் கலைகிற நேரத்தில் லேசாகச் சுருண்டிருந்தன. மறுநாள் மதியம் போய்ப் பார்த்தேன். முக்கால்வாசி நேராகியிருந்தன.

சரி, மேடைக்குத் திரும்புகிறேன். முதன்முதலில் நான் நடத்திய உரையாடலின் பதிவைப் பிற்பாடு கேட்டபோது, 42 நிமிடத்தில் 19 நிமிடம் நான் பேசியிருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முன்னுரை, நடுவில் நான் படித்த ஒன்று, கடைசியில் பதிலையும் நானே பாதி சொல்லிவிட்டிருக்கிறேன். அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் இதைவிட நல்ல பாடம் எனக்கு யாரும் எடுத்ததில்லை, உங்கள் பதிவையும் ஒருமுறை கடிகாரத்தோடு உட்கார்ந்து கேட்டுப்பாருங்கள். இப்போது என் கேள்விகள் ஒரே மூச்சில் முடியும் அளவுக்குத்தான் இருக்கும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

அந்த மௌனம்தான் கஷ்டம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளில் கவனித்த ஒரு விஷயம் எனக்கு உதவியது. ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 நொடிதான் காத்திருக்கிறார்கள், அதற்குள் பதில் வராவிட்டால் தாங்களே பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த இடைவெளியை 3 நொடி அல்லது அதற்கு மேல் நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் யோசித்தவையாகவும் மாறின. மூன்றே நொடி! மேடையில் அது மூன்று நிமிடமாகத் தெரியும். நான் விரல்களுக்குள் எண்ணிக்கொள்வேன், ஐந்து வரை. கலைஞர்கள் பலர் சொற்களில் வேலை செய்கிறவர்கள் கிடையாது. கையில் இருப்பதை வாய்க்குக் கொண்டுவர அவர்களுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை நாம் பேச்சால் நிரப்பிவிட்டால், வர இருந்தது வராமலே போய்விடும்.

அன்று அப்படிக் காத்திருந்ததில் வந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏழாம் தாளின் கிழிசலைப் பற்றிக் கேட்டேன். பதில் உடனே வரவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாலாவது எண்ணில், "கிழிஞ்சதும் அழுதுட்டேன், தூக்கிப் போட்டுட்டு வேற எடுக்கலாம்னு மறுநாள் போனா, அந்தச் சுவரை இடிச்சிட்டாங்க" என்றார். இது அறிமுகக் குறிப்பிலும் இல்லை, அவர் கொடுத்த பேட்டிகளிலும் இல்லை. கைவிட்டவை, பிழையானவை, பாதியில் நின்றவை, இவற்றைப் பற்றிக் கேட்டால் எந்தக் கலைஞரும் பேசுவார் என்பது என் நம்பிக்கை. 'உங்களைப் பாதித்தவர்கள் யார்' என்று கேட்டால் ஒரு பெயர்ப் பட்டியல் வரும், அவ்வளவுதான்.

பார்வையாளர் கேள்விகளுக்கு வந்தோம். ஒருவர் எழுந்து யார் வீட்டை விற்றது என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, யாருக்கும் தோன்றுகிற கேள்விதான். "அதை இன்றைக்குப் பேச வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருக்கிறோம்" என்று நான் நேராகச் சொன்னேன். அவரும் தலையாட்டி உட்கார்ந்தார். இப்படிப்பட்ட இடத்தில் மழுப்பக் கூடாது, மழுப்பினால்தான் ஆர்வம் அதிகமாகும். விலை பற்றி யாராவது கேட்டால் காட்சிக்கூடத்தாரிடம் பேசச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்புறம், கேள்வி கேட்காமல் நீளமாக உரையாற்றுகிறவர் ஒருவராவது எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரை அவமானப்படுத்தாமல் திருப்ப எனக்குத் தெரிந்த ஒரே வழி, "இங்கே எந்தத் தாளைப் பார்த்தபோது உங்களுக்கு இப்படித் தோன்றியது?" என்று கேட்பது. அவர் சுவரைப் பார்ப்பார், தேடுவார், ஒன்றைக் காட்டுவார். பல நேரம் அதற்குப் பிறகு அவர் சொல்வது நன்றாகவே இருக்கும்.

பின்வரிசையில் நின்ற ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். மைக் போய்ச் சேரும் முன்பே பேசத் தொடங்கிவிட்டார். "எல்லாம் அந்த வீடு செஞ்சதுதானேம்மா? விரிசல் வீட்டோடது, கீறல் வீட்டோடது. தாளை வச்சுத் தேய்ச்சா யார் தேய்ச்சாலும் அதுதானே வரும்? இதில உங்க வேலை என்ன?"

கூடம் சட்டென்று அமைதியானது. எனக்குக் கலைஞரைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. மைக்கை எடுத்து, "இந்தக் கேள்வியை நாம் வேறு மாதிரியாகவும்..." என்று ஆரம்பித்தேன். அது நான் அன்று செய்த இரண்டாவது தவறு. அவர் என் கையின் மேல் தன் கையை வைத்தார். "இருங்க. அவர் கேக்கறது சரிதான்" என்றார்.

பையிலிருந்து ஒரு கிராஃபைட் கட்டியை எடுத்தார். என் குறிப்புத் தாளைக் கேட்டு வாங்கினார், அந்த அழகான முதல் கேள்வி எழுதியிருந்த தாள். அதை இரண்டாகக் கிழித்தார். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் மண்டியிட்டு, காட்சிக்கூடத்துத் தரையில் இருந்த ஒரு மெல்லிய விரிசலின் மேல் ஒரு பாதியை வைத்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து குனிந்தார்கள். கட்டியைப் படுக்கவைத்து, விரல் நுனிகளால் மட்டும் பிடித்து, காற்றைத் தடவுவது போலத் தேய்த்தார். அவர் நக இடுக்குகளில் ஏற்கெனவே வெள்ளிப் பளபளப்பாகக் கிராஃபைட் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மாதக்கணக்கில் தேய்த்ததில் தோலோடு சேர்ந்துவிட்டது போல. அப்புறம் இன்னொரு பாதியை அதே விரிசலின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். எழுந்து நின்று இரண்டையும் தூக்கிக் காட்டினார்.

முதல் தாளில் விரிசல் ஒரு நரம்பு மாதிரி ஓடியது, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் புள்ளிகள்கூட வந்திருந்தன. இரண்டாவதில் விரிசலே இல்லை, கறுப்பு மட்டும்தான் இருந்தது. "ரெண்டும் ஒரே தரைதான்யா" என்றார் அந்தப் பெரியவரைப் பார்த்து. "அழுத்தினா பள்ளமெல்லாம் மூடிடும். மெதுவாத் தேய்ச்சா காட்டும். எங்க அழுத்தறது, எங்க விடறதுன்னு ஒவ்வொரு அடிக்கும் நான் முடிவு பண்ணணும். அப்பாவோட நாற்காலி இழுத்த கோடு இருக்கே, அங்க நான் ரொம்ப மெதுவாத் தேய்ச்சிருக்கேன். சில இடத்துல வேணும்னே அழுத்தி மூடியிருக்கேன்." எந்த இடம் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பிரான்சில் பிறந்த கலைஞர் மார்செல் துஷாம் 1957இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் பேசிய ஒரு சின்ன உரையில், படைப்பைக் கலைஞர் தனியாக முடிப்பதில்லை, பார்ப்பவரும் தன் பங்கைச் சேர்த்துத்தான் அது முழுமையாகிறது என்றார். கலைஞர் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதற்கும், நினைக்காமலே வெளிப்பட்டுவிட்டதற்கும் இடையே உள்ள கணக்கு என்று ஒன்றையும் அதில் பேசினார். படித்தபோது அது எனக்கு ஒரு கருத்தாக மட்டும் இருந்தது. அந்தப் பெரியவர் கேட்ட பிறகு, அதுவரை வெறும் சாம்பல் பரப்பாகத் தெரிந்த தாள்களில் எங்கே அழுத்தியிருக்கிறார், எங்கே விட்டிருக்கிறார் என்று கூட்டமே தேடத் தொடங்கியது. நான் பதினைந்து வரி எழுதி வைத்திருந்தும் இதைப் பார்க்கவில்லை. கடுமையாக ஒலிக்கிற கேள்வியிலிருந்து கலைஞரைக் காப்பாற்றப் போகாதீர்கள் என்று இப்போது என்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொல்கிறேன். அவமதிப்பு என்றால் குறுக்கிடுங்கள். சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள். பல மாதம் தனியாக வேலை செய்தவர் அந்தச் சந்தேகத்தை உங்களைவிட அதிகமாகச் சந்தித்திருப்பார்.

விளக்கம் எவ்வளவு வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் தீர்மானமான பதில் இல்லை. 1965 நவம்பரில் ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் நகரின் ஒரு காட்சிக்கூடத்தில் ஜோசஃப் பாய்ஸ் என்ற கலைஞர் தன் கண்காட்சியின் திறப்பன்று கதவைச் சாத்திக்கொண்டார். தலையில் தேனும் தங்கத் தாளும் பூசி, செத்த முயல் ஒன்றைக் கையில் ஏந்தி, படம் படமாக அதற்கு விளக்கிக்கொண்டு போனார். வந்தவர்கள் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள், சுமார் மூன்று மணி நேரம். உரையாடலுக்குப் போகும் முன் அந்தக் காட்சியை நினைத்துக்கொள்வது என் வழக்கம். சொல்லாமலேயே எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று அது ஞாபகப்படுத்தும். அதே சமயம், அலமாரி நின்ற இடம் என்று அவர் வாய்திறந்து சொல்லாவிட்டால் அந்தச் செவ்வகம் எனக்கு எப்போதும் வெறும் செவ்வகமாகத்தான் இருந்திருக்கும். எப்படி செய்தார், எங்கே கிடைத்தது, எது தவறியது என்பவற்றை அவர் சொல்லட்டும், அவற்றை நாம் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதற்கு என்ன அர்த்தம் என்பதைப் பார்க்கிறவரிடம் விடுவதே எனக்குப் பிடித்திருக்கிறது.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. பாதிப் பேர் நிற்கிற கூட்டத்தில் நாங்கள் இருவரும் பேசியது 25 நிமிடம், கேள்விகளுக்கு 15 நிமிடம். அதற்கு மேல் நீட்டக் கூடாது, கால் வலிக்கிறவருக்குக் காது கேட்காது. முடிக்கும்போது முடிவுரை எதுவும் நான் சொல்லவில்லை. "இன்னும் ஒரு மணி நேரம் விளக்கு எரியும், திரும்ப ஒருமுறை பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். ஆட்கள் கலையவில்லை. நாடாவுக்கு இந்தப்பக்கம் நின்று, இடுப்பை வளைத்து, தாள்களைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிராஃபைட்டை அப்படிப் பார்த்தால்தான் அழுத்திய இடம் பளபளக்கும்.

இரவு அவர் கூப்பிட்டார். நன்றி சொல்லிவிட்டு, "தம்பி, அந்தப் பெரியவர் கேட்டாரே, அந்த இடத்தை மட்டும் வெட்டி எனக்கு அனுப்ப முடியுமா? ஸ்டுடியோவுல வச்சுக்கணும்" என்றார். தேடி எடுத்துப் பார்த்தேன், 4 நிமிடம் 10 நொடி இருந்தது. நான் குறுக்கே பேசிய ஐந்து சொற்களையும் வெட்டாமல் அப்படியே அனுப்பினேன்.